இரண்டாவது படிவம்

நவம்பர் 11, திங்கள்

விவாகரத்துப் படிவத்தை இன்று காலை நகர அலுவலகத்தில் கொடுத்தேன். மிசாவோ தன் பங்கை நிரப்பி நகோயாவிலிருந்து தபாலில் அனுப்பியிருந்தாள். கையெழுத்து அழகாகவே இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த குடும்பப் பதிவேட்டுக்கே நீங்க திரும்பிடுவீங்க சார். அதாவது உங்க அப்பா பதிவேட்டுக்கு."

"எந்த அப்பா?"

"இவாகுரா கென்சோ."

மறந்தே போயிருந்தேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன் இதே கவுண்டரில் இரண்டு படிவங்கள் கொடுத்தோம். மிசாவோ ஒரே மகள், அவர்கள் நடத்தும் ஓட்டுநர் பள்ளிக்கு இவாகுரா என்ற பெயரோடு ஓர் ஆண் வேண்டும் என்றார்கள். முதல் படிவத்தில் மிசோகுச்சி டெப்பெய் ஆகிய நான் கென்சோவின் தத்து மகன் ஆனேன். பத்து நிமிடம் கழித்து அவர் மகளுக்குக் கணவன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

"தத்து தனி, கல்யாணம் தனி சார். அதை ரத்து செய்யணும்னா வேற படிவம். நீங்களும் அவரும் கையெழுத்துப் போடணும், ரெண்டு சாட்சியும் வேணும்."

"அப்படின்னா மிசாவோ இப்போ எனக்கு?"

அவள் மறுபடி கணினியைப் பார்த்தாள். "சட்டப்படி… தங்கச்சி."

சரி என்றேன். பத்தரை மணி வகுப்புக்குப் போய், ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை கூம்பில் இடித்தாள். கோபமே வரவில்லை.

நவம்பர் 14

பத்தொன்பது வருடமாக அப்பா என்று கூப்பிடும் கென்சோவிடம் விஷயத்தைச் சொன்னேன். மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே "ம்" என்றார். பிறகு, "அரிசி தீரப்போவுது."

நவம்பர் 24, ஞாயிறு

இரண்டாவது படிவமும் தபாலில் வந்துவிட்டது. மிசாவோ அனுப்பியது. அப்பா பெயருக்கு வந்ததால் அவரே பிரித்தார், படித்தார், மேசை இழுப்பறையில் வைத்தார்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "டெப்பெய், கோவிச்சுக்காத. எங்க அப்பாவப் பாக்க வரணும்னா என் பழைய புருஷன் கதவைத் திறக்கணுமா? என் வீட்டுக்கு நானே விருந்தாளியா?"

"நான் எதையும் புடிச்சு வெச்சிருக்கல. அப்பா கையெழுத்துப் போட்டா நானும் போட்டுடறேன்."

"அவர் போடமாட்டார். உன்னை விடமாட்டார்."

அவள் சொன்னதை ஏனோ இரண்டு மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். விடமாட்டார்.

நவம்பர் 27

பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹமாசாகி — இங்கே என்னைவிடப் பழைய பயிற்றுநர், வாய்க்குப் பூட்டே கிடையாது — தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னும், "பொண்டாட்டியே விட்டுட்டா, மாமனார் விடமாட்டேங்கறாரா? அதிர்ஷ்டக்காரன்யா!" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

அப்பாவுக்கு உரிமம் புதுப்பிக்க ஞாபகத் தேர்வு. எழுபத்தைந்து தாண்டினால் அது கட்டாயம், அவருக்கு எழுபத்தெட்டு. எங்கள் பள்ளியிலேயே, இத்தனை வருடங்கள் அவரே முன்னால் நின்று முதியவர்களுக்குப் படங்களைக் காட்டிய அதே அறையில். இன்று படத்தைக் காட்டியது ஹமாசாகி. பதினாறு படங்கள். அப்பாவுக்கு நான்கு நினைவிருந்தன.

நான் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவர், "பீரங்கி இருந்துச்சு. இன்னொண்ணு… தவிலு மாதிரி ஒண்ணு," என்றார். வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். வீடு வரும்வரை தாய்சென் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மலை பாதிக்கு வெள்ளையாகிவிட்டது.

டிசம்பர் 5

ஹமாசாகி இரண்டு நாட்களாக என்னைக் கேலி செய்யவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தேர்வுக்காக வருத்தப்படுகிறான் போல.

டிசம்பர் 21

மருத்துவர் சொன்னது: மறதி நோய், ஆரம்ப நிலை. மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். அப்பா அன்றே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஜனவரி 1

புத்தாண்டு. சூப்பில் அரிசிக் கொழுக்கட்டை, இரண்டு பேருக்கு. நான் இருப்பதால் மிசாவோ வரவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மருத்துவமனை அட்டையைத் தேடி அப்பாவின் இழுப்பறையைத் திறந்தேன். அந்தப் படிவம் மேலாகவே கிடந்தது.

அவர் கையெழுத்து இருக்கிறது. சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவன் ஹமாசாகி. என் கட்டம் மட்டும்தான் காலி.

இரண்டு மாதமாக அவர் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் — என்ன மனுஷன்டா நீ! பொண்டாட்டி போனப்போ வராத வலி இந்தக் காகிதத்துக்கா வரணும்?

அப்பா கூடத்தில் போர்வை போர்த்திய சூடுமேசைக்குள் காலை நீட்டிச் சுமோ பார்த்துக்கொண்டிருந்தார். தாளை எதிரே வைத்தேன்.

"இது எப்போ போட்டீங்க?"

"டெஸ்ட் எழுதுன மறுநாள்."

"மிசாவோவுக்காகவா?"

அவர் டிவியை அணைத்தார். எதற்கும் அணைக்கமாட்டார், சுமோவுக்கு நடுவில் அணைத்தார்.

"இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அப்புறம் என் கையெழுத்து செல்லாதுடா. நான் என்ன போடறேன்னு எனக்கே தெரியாதுன்னு சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் நீ போகணும்னா கோர்ட்டு கோர்ட்டா அலையணும். என்னைக் குளிப்பாட்டறதுக்கும் கழுவி விடறதுக்குமா உன்னை மகனாக்குனேன்? இப்போ என் கை நல்லா இருக்கு. அதான் போட்டு வெச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எடுத்து நீட்டுனா போடான்னு சொன்ன மாதிரி இருக்கும்." ரிமோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அதான் வாய் வரல."

இருக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை, இரு என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆரஞ்சு உரித்துத் தின்றோம்.

ஜனவரி 23

மிசாவோவிடம் போனில் கேட்டேன், நான் போய்விட்டால் வந்து இருப்பாயா என்று. நகோயாவில் அவளோடு இருக்கும் அந்த ஆள் என்ன செய்வார் என்றும்.

"அவரு பாதி வாரம் இங்க, பாதி வாரம் அங்க இருக்கலாம்னு சொல்றாரு. அப்பாவுக்கு நான் வேணும்ல." பிறகு அழுதாள். "உன்னைத் துரத்தறேன்னு நெனைக்காத." நினைக்கவில்லை. மகள்தான் இருக்க வேண்டும், அவர் மறக்கும்போது அவள் முகம்தான் கடைசியாகப் போகும். இதையும் ஒரு பாடம் போலத்தான் யோசித்தேன், முதலில் கண்ணாடி, அப்புறம் இன்டிகேட்டர்.

ஜனவரி 27, திங்கள்

என் கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அதே பெண்தான் கவுண்டரில்.

"தத்து ஏழு வருஷத்துக்கு மேல நீடிச்சிருக்கு சார். இவாகுரா பேரையே வெச்சுக்க விருப்பம்னா மூணு மாசத்துக்குள்ள வந்து சொல்லலாம், இல்லேன்னா பழையபடி மிசோகுச்சிதான்."

இன்றுமுதல் அவர் எனக்கு யாருமில்லை. மருத்துவமனையில் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். அவர் போனால் எலும்பெடுக்கும் சடங்கில் நான் எந்த வரிசையில் நிற்பேன், தெரியவில்லை. இனி மிசாவோவே மனம் மாறி ஆசைப்பட்டாலும் அந்த வீட்டுக்கு நான் திரும்பப்போவதில்லை. எல்லாம் தெரிந்துதான் கொடுத்தேன். வெளியே பனி. வைப்பர் போட மறந்து கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 9

பள்ளியை ஹமாசாகி பார்த்துக்கொள்வான். பெட்டி கட்டும்போது வந்து நின்றான். "சாட்சி போட்டது நான்தான்."

"பாத்தேன்."

"கெழவர் கெஞ்சுனாருய்யா. உன்கிட்ட சொல்லவேணாம்னு." பிறகு குனிந்து பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கினான்.

மார்ச் 10

நகரப் பேருந்தில் ஓட்டுநர் வேலை. நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. சோற்றுக் குக்கர் சின்னது. இன்றும் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

பெயரைப் பற்றிச் சொல்ல இன்றுதான் கடைசி நாள். போகவில்லை. காலை வண்டி, மாலை வண்டி, இரண்டும் ஓட்டினேன்.

ஜூன் 18, புதன்

மழைக்காலம். காலையிலிருந்து விடவில்லை.

ஒன்பதே முக்கால் வண்டி, மருத்துவமனை வழித்தடம். மூன்றாவது நிறுத்தத்தில் அப்பா ஏறினார். பின்னால் மிசாவோ, ஒரு கை அவர் முதுகில். என்னைப் பார்த்துத் தலைகுனிந்தாள். நானும் குனிந்தேன். அப்பா பார்க்கவில்லை. எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன், இளைத்திருக்கிறார். அவர் கண் என் பெயர்ப்பலகையில் இருந்தது: ஓட்டுநர், மிசோகுச்சி. எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல உதடு அசைந்தது. அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

பாலத்துக்குமுன் சிவப்பு விளக்கில் நிறுத்தினேன்.

"டெப்பெய்," என்றார். உரத்த குரலில், வகுப்பில் கூப்பிடுவதுபோல. "கொடை எடுத்துட்டு வந்தியா?"

"எடுத்துட்டு வந்தேம்பா."

நிறுத்தங்களை அறிவிக்கக் கழுத்தில் மாட்டிய மைக்கை அணைக்க மறந்திருந்தேன். கடைசி இருக்கைவரை கேட்டிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. விளக்கு பச்சையானதும் மெதுவாக எடுத்தேன், அவர் தலை அசையாதபடி.