ரத்தம் கெட்டியாகும் வரை

செவ்வாய், ஜூலை 9

காலையிலிருந்து சாரல். தேனி ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். மல்லாந்து எழுதினால் பேனா ஓடவில்லை. மகன் முருகேசன் பென்சில் வாங்கித் தந்தான்.

நேற்று சுருளிப்பட்டித் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், சொட்டுநீர்க் குழாய் தடுக்கி விழுந்தேன். இடது இடுப்பு எலும்பு முறிவு. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். புரளக் கூடாது.

ஆபரேஷன் உடனே இல்லையாம். இதயத்தில் உலோக வால்வு வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். அதுதான் தடை. எலும்பு டாக்டரம்மா வந்து சொன்னார்.

"இப்பக் கத்தி வச்சா ரத்தம் நிக்காதும்மா. மாத்திரைய நிறுத்தியாச்சு. கொஞ்சம் கெட்டியாகட்டும்."

"ரொம்பக் கெட்டியாயிட்டா?"

"வால்வுல கட்டி நிக்கும். மூளைக்குப் போனா வாதம் வந்துரும். அதுக்குத்தான் தெனம் ரத்தம் பாக்குறோம். மாத்திரை வேகம் எறங்க எறங்க ஊசி போட்டுக் காபந்து பண்ணுவோம்."

முன்னால் போனாலும் பள்ளம், பின்னால் போனாலும் பள்ளம்.

புதன்

ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை வேகம் போதுமான அளவு இறங்கவில்லை. ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலம்.

பெட்பேன் கேட்கக் கூச்சம். தண்ணீரைக் குறைத்தேன். நர்ஸ் கண்டுபிடித்துத் திட்டினார்.

வராந்தாவில் யாரோ போனில்: "கம்பம் பஸ்ஸு வந்துருச்சு. நீ அங்கனயே நில்லு." எழுந்து அந்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விடலாம் போல ஆத்திரம். இடுப்பை அசைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திராட்சைக்கு மருந்து அடிக்கவில்லை. இந்த ஈரத்துக்கு இலையில் நோய் விழும்.

வியாழன்

இன்றும் இறங்கவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் முருகேசன். நடுவில் நான் படுத்திருப்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

"ஏலே, ரத்தம் நிக்காதுன்னு டாக்டரே சொன்னாகள்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். எலும்புக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வச்சுப் பாத்துக்கலாம்."

"அப்புறம் அம்மா நடக்கவே மாட்டாகப்பா."

"உசுரோட இருந்தாப் போதும்."

"படுக்க வச்சுக்கலாம்னா, யாரு படுத்திருக்கது?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன், ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று.

வெள்ளி

மழை விட்டது. காற்று. ரத்தம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. நாளைக் காலை ஆபரேஷன்.

மத்தியானம் இவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "வால்வு வைக்க ஒன்ன மதுரையில உள்ள கொண்டு போனாகள்ல. சாயந்தரம் வரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இன்னொருக்க முடியாது."

அந்தக் கதையை இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

"எனக்கும் பயம்தாங்க. ஆனா இப்பிடிக் கெடக்க முடியாது."

உரித்த சுளை அவர் கையிலேயே இருந்தது.

சனி

இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம். தட்டுவது என்னைத்தான். இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கும் எலும்பை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தாயிற்று. ரத்தம் நின்றது, ஒரு பை மட்டும் ஏற்றினார்கள்.

வார்டுக்கு வந்ததும் இவர் காலைப் பார்க்கவில்லை. நெஞ்சில் காதை வைத்து வால்வுச் சத்தம் கேட்டார். மற்ற கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை.

வலி. தூக்கம்.

ஞாயிறு

வெயில். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், ஆயுசுக்கும் என்று.

பயிற்சி கொடுக்கிறவர் வாக்கரோடு வந்தார். "காலை ஊனுங்கம்மா." ஊன்றினேன். தலை சுற்றியது. எழுந்து நின்றுவிட்டேன். கால் என் கால் மாதிரியே இல்லை, ஆனாலும் தாங்கியது. ஒரு எட்டு வைத்தேன்.

அடுத்த எட்டு வைக்க முடியவில்லை. பின்னாலிருந்து இவர் என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"விடுங்க ஐயா, அம்மா நடக்கட்டும்" என்றார் பயிற்சிக்காரர்.

"விடுங்க" என்றேன் நானும்.

விடவில்லை.