மறுகா கேட்கும் பாட்டுகள்

3 யூன் 2025, செவ்வாய்

இன்றைக்கும் பறித்துவிட்டார். கிளினிக்கில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். புல்லாங்குழல் முடிந்து பாடகி வாயைத் திறக்கப்போகிறாள், பாட்டு நின்றது. போனைப் பார்த்தால் வழக்கமான வரி: "விஜியின் போனில் ஒலிக்கிறது." கட்டாரில் என் மனிசன் வேலை முடிந்து, கம்பனி பஸ்ஸில் ஏறி, காதில் வயரைச் செருகிவிட்டார் என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்கலாம். அங்கே அவர் பாட்டுப் பொத்தானை அமத்தினால் இங்கே எனக்கு நிற்கும்.

பாட்டு நிற்க, உள்ளே பல் துளைக்கிற மெசினின் சத்தம் அப்படியே வெளியே வந்தது. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பொலிஸ்காரர், மலை மாதிரி மனிசன், "நாளைக்கு வாறன் மிஸ்" என்று எழும்பிப் போயே விட்டார். என்னோடு மேசையில் இருக்கும் ஏறாவூர் ஸாதியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "உங்கட ஆள் பஸ் ஏறிட்டார் போல."

டொக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "வதனி, நிக்காமல் ஓடுறது ஒண்டு எடுங்கோ. எது சத்தம் வடிவாய்க் கேக்குது எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

வெளியே வந்து அவருக்குக் கோல் எடுத்து ஏசினேன். "என்ட பாட்ட ஏன் பறிச்சீங்க?"

"பறிச்சாத்தானே நீ கோல் எடுக்கிறாய். மிச்சத்த மறுகா கேள்."

இதே பதில்தான், இரண்டு வருசமாக. பாதியில் பறிபோன பாட்டுகளை ஒரு தொகுப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பெயரே 'மறுகா'. எப்போது கேட்பேனோ.

5 யூன், வியாழன்

டொக்டர் யாழ்ப்பாணம். இன்றைக்கு மேசைப்பக்கம் வந்து என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "மறுகா எண்ட ஆள் நல்லாப் பாடுறா. புதுப் பாடகியோ?" என்றார். ஸாதியாவுக்கு இருமல் வந்துவிட்டது. நான்தான் விளக்கம் சொன்னேன்: மறுகா என்றால் பிறகு, டொக்டர். எங்கட பக்கத்துச் சொல். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

8 யூன், ஞாயிறு

மூன்று செயலிகளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஆராய்ச்சி. வெளியே கச்சான் காற்று தகரத்தைப் பிய்க்கிறது, காதில் வயர் போடாமல் ஒன்றும் கேட்காது. நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதி வைக்கிறேன்.

சிவப்பு: இல்லாத பாட்டே இல்லை. கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த பாட்டுக் கூட இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டுக் காதைக் கிழிக்கும், அடுத்தது கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

நீலம்: சுருக்காத ஒலி, பதிந்தபடியே வரும் என்று பெருமை. பெருமைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் தேடினால் விழிக்கும். ஆங்கில எழுத்தில், அதுவும் அவர்கள் நினைத்த எழுத்துக்கூட்டலில் கொடுக்க வேண்டும். டேட்டாவைக் குடிக்கிற குடி சொல்ல முடியாது.

பழையது, எங்களது: இரண்டுக்கும் நடுவில். நான் எதைக் கேட்பேன் என்று என் அம்மாவை விட அதற்குத் தெரியும்.

கிளினிக்கின் புளூடூத் பெட்டியில் மூன்றும் ஒன்றுதான். வயர் போட்டால்தான் வித்தியாசம். அதே புல்லாங்குழல் பாட்டை நீலத்தில் போட்டேன். பாடகி பாடத் தொடங்குமுன் மூச்சு இழுக்கிறாள். எத்தனையோ தரம் கேட்ட பாட்டு, அந்த மூச்சு இருந்ததே எனக்குத் தெரியாது.

13 யூன், வெள்ளி

அவருக்கு லீவு. வட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பாட்டை ஒவ்வொரு செயலியிலும் போட்டுக் கேட்டோம். "மூச்சுக் கேக்குதா?" "இல்ல." "இப்ப?" "இல்ல புள்ள. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் விடுற குறட்டைதான் சுருக்காம கேக்குது."

எட்டுப் பேர் படுக்கும் அறை. முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. கேட்டால் வெயில் என்கிறார்.

19 யூன், வியாழன்

முடிவு: எனக்கும் கிளினிக்குக்கும் நீலம். மாதம் முடிய மாறுகிறேன். பழையது அவருக்கே. அவருக்குச் சொன்னேன்.

"அப்ப இனி என்னத்தப் பறிக்கிற?"

"ஒண்டும் பறிக்க வேணாம். நேர கோல் எடுங்க, மனிசர் மாதிரி."

"அது ருசியில்லையே" என்றார்.

வீட்டுக் கதையும் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அம்மா தன்னாமுனையில் எனக்கென்று கட்டின வீடு, சுவர் எழும்பிப் பூச்சில்லாமல் நிற்கிறது. 'பூச்சு முடிய வந்திருவன்' என்று போன மனிசன். முன் அறை முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வருசம் என்கிறார். மாமிக்கு, அவருடைய அம்மாவுக்கு, இதில் என்மேல் குறை. வாழைச்சேனையிலிருந்து கோல் எடுக்கும் போதெல்லாம் "பூச்சு எந்தளவுல?" என்று கேட்பா. கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது.

24 யூன், செவ்வாய்

இன்றைக்கு யாரும் பறிக்கவில்லை! புல்லாங்குழல் பாட்டு முழுவதும் ஓடியது. 'மறுகா'விலிருந்து இன்னும் நாலு போட்டேன், நாலும் கடைசி வரை. "ஓவர்டைம் போல" என்றாள் ஸாதியா. பல் பிடுங்க வந்த ஒரு அம்மா கூடவே பாடினா. நல்ல பின்னேரம்.

27 யூன், வெள்ளி

செவ்வாய்க்கிழமை விடிய அவர் எழும்பவே இல்லையாம். நித்திரையிலேயே. இதயம் என்கிறார்கள். அறையில் இருந்தவர்கள் நித்திரை என்று நினைத்து விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறன். முழுப்பாட்டு. நல்ல பின்னேரம் எண்டு எழுதியிருக்கிறன், மேல கிடக்கு. என்ட கையால.

6 யூலை, ஞாயிறு

கொண்டுவந்தார்கள். பூசின அந்த ஒரு அறையில்தான் வைத்தது.

மாமி பெட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னா: "உன்ட சுவருக்குப் பூசத்தானே போனவன். பூசிட்டானா? இப்ப பாத்துக்கொண்டிரு." ஊரே கேட்டுக்கொண்டு நின்றது.

14 யூலை, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

18 யூலை, வெள்ளி

இரவு நித்திரையில்லை, போனை எடுத்தேன். நீலத்தில் அந்தப் பாட்டு. புல்லாங்குழல் முடிந்தது, பாடகி மூச்சை இழுத்தாள். என்னால் தாங்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, எங்கேயோ, எப்போதோ இழுத்த மூச்சு இவ்வளவு துல்லியமாக வந்து காதுக்குள் விழுகிறது. என்ட மனிசன்ட மூச்சு எங்க? எட்டுப் பேர் படுத்த அறையில அது நிண்டது ஒருத்தருக்கும் கேக்கல்லையா?

நீலத்தை அழித்துவிட்டேன். நல்ல ஒலி எனக்கு வேண்டாம்.

24 யூலை, வியாழன்

முப்பத்தோராம் நாள். மாமி வந்தா, என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டாரிலிருந்து வந்த அவருடைய பையைத் திறந்து, அவர் போட்ட இரண்டு சேட்டும் போனும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. போகும்போது அப்படியே கொண்டு போனா. அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தா. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கேட்டிருக்க வேண்டும். அந்தப் போனாவது எனக்கு இருந்திருக்கலாம்.

4 ஓகஸ்ட், திங்கள்

வேலைக்குப் போனேன். மெசின் சத்தம் கேட்டு வெளியே இருக்கிற பிள்ளைகள் அழ, ஸாதியா என் முகத்தைப் பார்த்தாள். "போடுங்க" என்றேன். பழைய கணக்கில் போட்டாள்.

பஸ் நேரம் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அதுவும் முடிந்தது. எல்லாப் பாட்டும் முடிகிறது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் எனக்கு ஒருதரம் அவர் இல்லை என்ற செய்தி வருகிறது.

11 ஓகஸ்ட், திங்கள்

பழைய செயலியிலிருந்து மின்னஞ்சல். இருவர் திட்டத்துக்கு மாறுங்களாம். ஆளுக்கொரு கணக்கு, இடையில் நிற்காத இசை. ஒரே நிபந்தனை, இரண்டு பேரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும்.

ஒரே முகவரியில் இருந்திருந்தால் நான் ஏன்டா உன்னட்ட வாறன்?

கணக்கை மூடுவோம் என்று கடைசிப் பொத்தான் வரை போனேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. நிச்சயமில்லை. வைத்துவிட்டேன்.

15 ஓகஸ்ட், வெள்ளி

பாட்டு நின்றது.

கிளினிக்கில், பஸ் நேரத்தில். ஸாதியா எழும்பி நின்றுவிட்டாள். உள்ளே மெசின் சத்தம். நான் போனைத் திருப்பிப் பார்த்தேன். "விஜியின் போனில் ஒலிக்கிறது."

அது பொய் என்று தெரியும், தெரிந்தும் கொஞ்ச நேரம் — எவ்வளவு நேரமோ — அவர் பஸ்ஸில் இருந்தார்.

அவருடைய தம்பி சிவதர்ஷனுக்கு எடுத்தேன். "அம்மாட்டத்தான் மச்சாள் இருக்கு. சிம் ஒண்டு போட்டுத் தாடா எண்டா, போட்டுக் குடுத்தன். அமத்திப் பாக்கிறா போல. வாங்கி வைக்கட்டா?"

வேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டு மனதுக்குள் ஏசினேன். மகன் உங்கட, சேட்டு உங்கட, போன் உங்கட. இந்தப் பாட்டு மட்டும் எனக்கெண்டு கிடந்தது. அதுவும் வேணுமா மாமி?

18 ஓகஸ்ட், திங்கள்

சனியும் பறித்தா. இன்றைக்கும் பறித்தா. கட்டார் பஸ் நேரம் அவவுக்கு எப்படித் தெரியும்?

இன்றைக்கு நானும் விடவில்லை. திருப்பி அமத்தினேன், இங்கே ஓடியது. அவ அமத்தினா, நின்றது. நான் அமத்தினேன். அவ அமத்தினா. இருந்த ஆட்கள் கரண்டில் பிழை என்று விசிறியைப் பார்க்கிறார்கள்.

ஸாதியா மெல்லக் கேட்டாள்: "கோல் எடுங்களன். முந்தி பறிச்சா எடுப்பீங்கதானே."

அவள் சும்மா சொன்ன சொல்தான். எனக்குத்தான் எங்கேயோ இடித்தது. வெளியே வந்து எடுத்தேன். அவருடைய நம்பருக்குப் பழக்கத்தில் கை போய், திருத்தி மாமிக்கு எடுத்தேன். மணி ஒருதரம் கூட முழுதாய் அடிக்கவில்லை.

"எடுத்திட்டியா மகள்" என்றா.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவன்தான் சொல்லுவான். பஸ்ஸுக்க ஏறினோண்ண அவளிட பாட்டப் பறிப்பன் அம்மா, உடன எடுத்து ஏசுவா, மறுகாதான் உங்களுக்கு எடுக்கிறன் எண்டு. ஒவ்வொரு நாளும் உனக்குப் பிறகுதான் எனக்கு. அண்டைக்கு நான் சொன்ன சொல்லுக்கு உனக்கு எந்த முகத்தோட புள்ள எடுப்பன்? அதான்... பறிச்சுப் பாத்தன். ரெண்டு நாளும் நீ எடுக்கல்ல. எடுக்கமாட்டாய் எண்டுதான் நினைச்சன்."

அவவின் பக்கத்தில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதி போயிருந்தது.

"ஏசு புள்ள" என்றா. "அவன ஏசின மாதிரி ஏசு."

"என்ட பாட்ட ஏன் மாமி பறிச்சீங்க?"

அதற்குமேல் இரண்டு பேராலும் முடியவில்லை. ஸாதியா தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள்.

24 ஓகஸ்ட், ஞாயிறு

வாழைச்சேனைக்குப் போய் வந்தேன். மாமி மீன் ஆக்கி வைத்திருந்தா. சாப்பிட்டோம். அவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெளிக்கிடும்போது போனை நீட்டினா. "உன்ட சாமான், கொண்டு போ."

வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றேன். சார்ஜ் மட்டும் இறங்க விடாதீங்க.

27 ஓகஸ்ட், புதன்

பாட்டு நின்றது. மெசின் சத்தம். டொக்டர் கையுறையோடு எட்டிப் பார்த்தார். "வதனி, அந்த நிக்காமல் ஓடுறதை எடுக்கேல்லையோ?"

"மறுகா எடுப்பம், டொக்டர்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். சரி என்று உள்ளே போனார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், மாமியை ஏச.