எறும்பின் கை

மார்ச் 4, செவ்வாய்

முட்டி வலி இன்று பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப்போன குடை மழைக்காலம் முடிந்தும் திரும்பி வரவில்லை. கேட்க மாட்டேன். மறக்கவும் மாட்டேன்.

பேத்தி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டு அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டரை வயசுக்கு இருக்கிற துணிச்சலைப் பார். சர்க்கரை டப்பா, செருப்பு, சுவிட்சு, நான் கழற்றி வைத்த பல் செட்டு என்று அவள் கை போகாத இடமில்லை. அதனால்தான் எறும்பு என்று கூப்பிடுகிறேன். மகளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. எறும்புக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை மூன்று பேரும் சயின்ஸ் மியூசியம் போகிறோம். குழந்தைகளுக்கென்று தனி மாடியே இருக்கிறதாம். "எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம்மா. தொடாதேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள் மகள். காட்சிக்கு வைத்த சாமானைத் தொட விடுவார்களாம்! நம்புகிற மாதிரியா இருக்கிறது?

மார்ச் 8, சனி

மகளோடு மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். காலையிலேயே போன் வந்துவிட்டது. "டிக்கெட் எடுத்தாச்சு, நீயே கூட்டிட்டுப் போயிட்டு வாம்மா. பாவம், ஆசையா இருக்கா" என்று சொல்லிவிட்டு மகள் ஓடினாள்.

போனோம். முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது! நீளத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது, பலகை வைத்துத் தடுக்கலாம், படகு விடலாம். எறும்பு முழங்கை வரை நனைந்தாள். இன்னொரு இடத்தில் காற்றுக் குழாய்க்கு மேலே ஒரு பந்து விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதை எடுத்து என்னிடம் கொடுப்பாள், பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி காற்றில் வைப்பாள். "பாட்டி, பாரு! பாட்டி, பாரு!" பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்புறம் இருட்டாக ஒரு மூலை. அங்கே ஒரு கண்ணாடி உருண்டை. உள்ளே ஊதா நிறத்தில் மின்னல் நெளிகிறது. நான் கைப்பையை மாற்றிப் பிடிப்பதற்குள் எறும்பு கையை வைத்துவிட்டாள். உள்ளே இருந்த மின்னல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள் உள்ளங்கைக்கு ஓடி வந்தது.

கரன்டு என்று நினைத்தேன். ஓங்கி ஒன்று வைத்தேன் கையில்.

நீலக் கோட்டுப் போட்ட பெண் ஓடி வந்தாள். "பாட்டி, பயப்படாதீங்க. ஒண்ணும் பண்ணாது. தொடறதுக்குத்தான் வெச்சிருக்கோம்." பக்கத்தில் நின்ற ஓர் ஆள், "மின்னலுக்கே அடி விழுந்துச்சு பாரு" என்று தன் மனைவியிடம் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். அவனுக்குக் கோடு போட்ட சட்டை, முன்பல்லில் இடைவெளி. அந்த முகம் எனக்குச் சாகும்வரை மறக்காது.

ஒன்றும் பண்ணாது என்பதை எறும்பும் கேட்டிருக்கிறாள். மறுபடி கையை நீட்டினாள்.

மறுபடி அடித்தேன். முதலில் அடித்ததைவிடப் பலமாக. "சொன்னா கேக்க மாட்ட?"

அவள் அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். வெளியே வருகிற வரைக்கும் எடுக்கவில்லை.

முதல் அடி பயத்தில். அதை யாரிடமும் சொல்லலாம். இரண்டாவது? ஒன்றும் பண்ணாது என்று தெரிந்த பிறகுதானே அடித்தேன். சிரித்தவனை அடிக்க முடியவில்லை, கைக்கு எட்டியது குழந்தை.

மகளிடம் முதல் அடியை மட்டும் சொன்னேன். "பயந்துட்டியாம்மா? நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்பு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆரஞ்சுச் சுளையை உரித்துத் தட்டில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்து, "தொடலாமா?" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

சர்க்கரை டப்பா வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. அலமாரி கலையவில்லை. பொம்மைக்குக்கூட அனுமதி கேட்கிறாள். கேட்கும்போது கை பின்னால் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அடடா, எவ்வளவு சமத்தாயிட்டா! நல்லா வளக்கிறீங்க" என்றாள். குடையோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

ஒன்று எழுத வேண்டும். நாலு நாளாகத் தள்ளிப்போடுகிறேன். 'சொன்னா கேக்க மாட்ட?' என்பது என் வார்த்தை இல்லை. அண்ணியின் வார்த்தை. கல்யாணமாகி வந்தபோது அவள் தையல் மெஷினோடு வந்தாள். கறுப்பு மெஷின், பக்கத்தில் வெள்ளியாய் மின்னுகிற சக்கரம். அதைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டேன். அவள் அம்மா வீட்டு ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் புறங்கையில் அடித்து இதே வார்த்தையைச் சொன்னாள். எனக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசுகூட இல்லை. அவள் கட்டியிருந்த புடவைக் கரை முதற்கொண்டு ஞாபகம் இருக்கிறது. இன்றுவரைக்கும் நான் ஒரு மெஷினில் கை வைத்ததில்லை. கிழிந்ததெல்லாம் கையூசிதான்.

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரே சொல்லும், நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். எறும்புக்கும் அது வந்திருந்தால்? ஐயோ, அவளுக்கு என் மூக்கு வந்திருக்கிறது, என் காது வந்திருக்கிறது.

இது மட்டும் வராம இருக்கணும்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணி என் மகளின் போனில் கூப்பிட்டாள். எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறேன் என்று சொல்லச் சொல்வேன். இன்று கையை நீட்டி வாங்கினேன். மகள் வாயைப் பிளந்தாள்.

"யாரு, நீயா? ஒருவழியா குளிச்சு முடிச்சிட்டியாடி?" என்றாள் அண்ணி. கிழவி எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அண்ணி, உங்க தையல் மெஷின் சக்கரத்தத் தொட்டேன்னு என் கையில அடிச்சீங்களே."

"நானா? உன்னையா? எப்போ?"

பொய் சொல்கிற குரல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உனக்குக் கத்துக்குடுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசைடி. நீ அந்தப் பக்கமே வரமாட்ட. சரி, இதுக்குத் தையல் பிடிக்காது போலன்னு விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுத்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, சனி

மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். குக்கர் கத்தியது, எழுந்து போய்விட்டாள். நல்லவேளை என்று நினைத்தேன் பார், அது அடித்ததைவிடக் கேவலம்.

மார்ச் 19, புதன்

"திரும்ப ஒரு தடவ அந்த மியூசியத்துக்குப் போலாமா?" என்று நானே கேட்டேன். "உனக்கா? முட்டி வலிக்கும்னு சொல்லுவியே!" என்றாள் மகள். வலிக்கட்டும்.

மார்ச் 22, சனி

இந்தத் தடவை மகளும் வந்தாள். தண்ணீர்த் தொட்டி முன்னால் எறும்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கணக்குப் பார்க்க வந்த அதிகாரி மாதிரி. மற்றக் குழந்தைகள் தண்ணீரை வாரி இறைத்தார்கள். ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை.

நேராக அந்த இருட்டு மூலைக்குக் கூட்டிப்போனேன். "பாட்டி தொடறேன், பாக்கிறியா?" பயமாகத்தான் இருந்தது. ஒன்றும் பண்ணாது என்று தெரிந்தும்கூட. கண்ணாடியில் கையை வைத்தேன். மின்னல் வந்து ஒட்டிக்கொண்டது. சூடுமில்லை, குளிருமில்லை.

பளீரென்று என் புறங்கையில் ஓர் அடி. "சொன்னா கேக்க மாட்ட?"

என் குரல். என் இழுப்பு. மழலை மட்டும்தான் அவளுடையது.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாம் முடிந்துபோகும் என்று தோன்றியது. அவள் காத்திருந்து பார்த்தாள். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டி திருப்பி அடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வந்தது. கண்ணாடிமேல் வைக்கவில்லை, என் கைமேல் வைத்தாள். அப்புறம் அங்கிருந்து ஒவ்வொரு விரலாகக் கண்ணாடிக்கு இறங்கினாள்.

பின்னால் மகள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ரெண்டு தடவ அடிச்சேன்" என்றேன். "ரெண்டாவது, பயத்துல இல்ல."

என்னைத் திட்டவில்லை. "தெரியும்மா" என்றாள். "ஒரு அடிக்கு இந்த வசனம் வராதே. சின்ன வயசுல எனக்கும் ரெண்டாவது அடிக்குத்தான் வரும்."

நான் எப்போது அவளை அடித்தேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

குடையின் பிடி என்ன நிறம் என்பது வருகிறது. இது வரவில்லை.

மார்ச் 26, புதன்

அண்ணி கூப்பிட்டாளாம். நிஜமாகவே குளித்துக்கொண்டிருந்தேன். நம்பியிருக்க மாட்டாள். சாயந்தரம் நானே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

காலையில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது எறும்பு மடியில் ஏறி, ஒரு வார்த்தை கேட்காமல், என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். ஒரு காம்பு வளைந்துபோயிற்று. இதை எழுதும்போதுகூட இடது பக்கம் கீழே சரிகிறது. வரி மேலே ஏறிப் போகிறது. கடையில் கொடுத்து நிமிர்த்தித் தரட்டுமா என்று மகள் கேட்டாள்.

அவசரமில்லை, நாளைக்கும் வளைப்பாள் என்றேன்.