ஏழாம் கூடையும் குகதாசன் அண்ணையின் தட்டும்

பாசல்
06.07.2025

அன்பு மகள் ரிஷானிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மதுஷனும் மெல்பேர்னில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் இந்தக் கடதாசியை எடுத்தேன், கும்பிட்டு முடியவும் கோபம் திரும்பி வந்துவிட்டது. போனில் கதைக்கலாம்தான். ஆனால் போனில் கதைத்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டி கழுவுவாய், பக்கத்தில் மதுஷன் நிற்பான், நானும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு சாப்பிட்டியோ பிள்ளை என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். கடதாசி என்றால் கடைசிவரை வாசிக்கத்தான் வேண்டும். ஓரிடத்தில் இருந்து வாசி.

முதலில் வீட்டுப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா ஏசத்தான் எழுதினா என்று சொல்லக்கூடாது. அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, பூச்சு மருந்து பூசுகிறார், படி ஏறும்போது மட்டும் முருகா முருகா என்கிறார். இங்கே வெயில் தாங்கமுடியவில்லை, பல்கனியில் வைத்த கத்தரி மூன்று காய் காய்த்திருக்கிறது. உங்கள் இரண்டு பேரின் கலியாணத்துக்குத் தை மாதம் மண்டபம் பதிந்தாயிற்று. கூறைச் சேலைக்கு நீ அனுப்பிய படம் பார்த்தேன், அந்தச் சிவப்பு உனக்கு எடுப்பாயிருக்கும். இதெல்லாம் சந்தோஷமான விஷயங்கள், இவற்றை நான் சந்தோஷமாக எழுதமுடியாமல் பண்ணிவிட்டாய் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அன்றைக்கு நடந்ததை நீ ஆர் ஆரோ சொல்லக் கேட்டாய், என்னிடம் முழுதாக ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது நான் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடை ஒன்றுகூடலுக்கு இந்தமுறை உதைபந்துத் திடல் கிடைக்கவில்லை, அதனால் இளம் பிள்ளைகள் பார்க்கில் டிஸ்க் கோல்ஃப் வைத்தார்கள். எத்தனை குறைந்த எறியில் தட்டைக் கூடைக்குள் போடலாம் என்று நீயும் நானும் எறிந்து பழகிய அதே பார்க், அதே ஒன்பது சங்கிலிக் கூடைகள். நீ போன பிறகும் நான் விடவில்லை என்பது உனக்குத் தெரியும், வேலை இல்லாத ஞாயிறுகளில் உன்னுடைய நீலத் தட்டு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ட்ராம் ஏறிப்போய்த் தனியாக எறிந்துவிட்டு வருவேன். சங்கத்தில் ஆளுக்கு ஒரே நிறத்தில் இரண்டு தட்டுக் கொடுத்தார்கள், குகதாசன் அண்ணைக்குச் செம்மஞ்சள். சம்பந்தி வீட்டார் எல்லாரும் சேர்ந்து போங்கோ என்று சொல்லி அவரையும் உன் மாமி சிவகலாவையும் எங்களையும் ஒரு குழுவாக விட்டார்கள். எறிகளை எழுதுகிற மட்டையும் பென்சிலும் அப்பாவின் கையில்.

ஏழாவது கூடை உனக்கு நினைவிருக்கும், இந்தப் பக்கம் நின்று குளத்துக்கு மேலால் எறியவேண்டும், கூடை அக்கரையில். தட்டுத் தண்ணீருக்குள் விழுந்தால் ஒரு எறி கூட்டிப் போட்டு, விழுந்த இடத்துக் கரையில் நின்று திரும்ப எறியவேண்டும். குகதாசன் அண்ணை எறிந்தார், தட்டு அலரி மரத்தில் பட்டு இக்கரையிலேயே, நாணலில் இருந்து ஒரு முழம் தள்ளித் தண்ணீருக்குள் போனது. விளிம்பால் சரிந்து செம்மஞ்சளாக ஒருமுறை மினுங்கி அமிழ்ந்ததை நான் பார்த்தேன். மனுசன் ஒன்றும் நடக்காததுபோலக் குளத்தைச் சுற்றி விறுவிறென்று நடந்தார், அக்கரையில் குனிந்தார், பைக்குள் கை போனது, மற்றச் செம்மஞ்சள் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு இஞ்சை கிடக்குது, கடந்திட்டுது என்று கையை உயர்த்தினார். அங்கே நின்று இரண்டு எறியில் கூடையில் போட்டார். பச்சை அளாப்பு, விளையாட்டுக் களவு. நான் மெதுவாகத்தான் சொன்னேன், அண்ணை, அது தண்ணிக்குள்ளை போயிட்டுது, நான் கண்டனான் என்று. அவர் சிரித்துக்கொண்டு தங்கச்சிக்கு வெயில் கண்ணிலை அடிச்சிருக்கு என்றார். சிவகலா போனைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் அப்பாவைப் பார்த்தேன். உன் அப்பா என்னைப் பார்க்காமல் மூன்று என்று எழுதினார். மாப்பிள்ளையின் தகப்பன், ஆனபடியால் மூன்று. அவர் பத்து எறி எறிந்திருந்தாலும் மூன்றுதான்.

அதோடு நான் விட்டிருப்பேன், சத்தியமாக விட்டிருப்பேன். பின்னேரம் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் குகதாசன் அண்ணை முதலாமிடம், ஃப்ரிபூர்க்கில் இருந்து வந்த சரணியா என்கிற பிள்ளை ஒரேயொரு எறியால் இரண்டாமிடம். நர்சாக வேலை செய்கிற பிள்ளை, ஐந்தாம் கூடையில் தன் தட்டு வாய்க்காலில் விழுந்ததை ஒருவரும் காணாமலே தானாக வந்து சொல்லி ஒரு எறி கூட்டிப் போட்டவளாம். குகதாசன் அண்ணை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார் பார், எனக்கு விசர் ஏறிவிட்டது. எழும்பிச் சொல்லிப்போட்டேன். எண்பது பேர் இருந்திருப்பார்கள், சோற்றுக் கோப்பையோடு அப்படியே திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமோ, ஐயோ பிழைபிடிக்க வேண்டாம், பிள்ளைக்கே குடுப்பம் என்று சொல்லிக் கிண்ணத்தைத் தானம் பண்ணுவதுபோலச் சரணியாவின் கையில் கொடுத்தார். சனம் கைதட்டியது. அளாப்பினவர் வள்ளல், கண்டதைச் சொன்ன நான் சண்டைக்காரி.

அடுத்தநாள் நீ போன் எடுத்து அழுதாய். வடிவாப் பாத்தனீங்களோ அம்மா என்று கேட்டாய். அந்த ஒரு கேள்வியே எனக்குக் காணும், இருந்தும் பிள்ளை பதறிப்போய்க் கேட்கிறாள் என்று பொறுத்தேன். ஒரு மன்னிப்புக் கேட்டு விடுங்கோ, தையிலை கலியாணம் என்றாய். சொல்லமாட்டேன் என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை குகதாசன் அண்ணையும் சிவகலாவும் ஒரு பெட்டி மாம்பழத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். முகமெல்லாம் கருணை. தங்கச்சி, எனக்கு மனசிலை ஒண்டுமில்லை, கண் வருத்தம் எண்டு முதலே சொல்லியிருந்தால் நாங்கள் ஏன் பிழையாய் நினைக்கிறம் என்றார் அவர். ரிஷானி எல்லாம் சொன்னவள், கொஞ்ச நாளாக் கண் மங்கலாம், ஒருதருக்கும் சொல்லாமல் வைச்சிருக்கிறியளாம் என்றா சிவகலா. நான் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு நடு ஹோலில் நிற்கிறேன். ரிஷானி, என் வாய் என்னவென்று திறக்கும் சொல்லு. இல்லை என்றால் என் மகள் பொய்க்காரி, ஓம் என்றால் நான் குருடி. மாம்பழத்தை வாங்கி வைத்தேன். அவர் போகும்போது இனித் தனிய ட்ராமிலை போய்வராதேங்கோ என்று புத்தி வேறு சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பழத்தை நான் வாயில் வைக்கவில்லை, அப்பா தின்றார், நல்ல பழமாம்.

நீ உன் மாமியாரைச் சமாளிக்க ஒரு பொய்யைச் சொன்னாய், அது அங்கேயே நிற்கும் என்று நினைத்தாய். உன் மாமி எங்கே வேலை செய்கிறா என்று மறந்துவிட்டாயோ? நான் வேலை செய்யும் அதே மருந்துக் கம்பனியில், பெட்டி அடுக்குகிற பகுதியில். நான் என்ன வேலை செய்கிறேன் என்றும் மறந்துவிட்டாயோ? பதினெட்டு வருஷமாக ஊசி மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒருமுறை கறுப்புப் பலகைக்கு முன்னாலும் ஒருமுறை வெள்ளைப் பலகைக்கு முன்னாலும் பிடித்துச் சுழற்றி, உள்ளே நூல் மிதக்குதோ, கண்ணாடித் தூள் கிடக்குதோ, கழுத்தில் கீறல் இருக்குதோ என்று பார்ப்பதுதான் என் வேலை. தலைமயிரின் பாதித் தடிப்பில் ஒரு தும்பு இருந்தாலும் எடுத்துப் புறம்பாக வைத்துவிடுவேன். நீ படித்ததும் இந்தக் கண்ணால், நீ மெல்பேர்ன் போனதும் இந்தக் கண்ணால். சிவகலா அக்கறைப்பட்டு என் மேலதிகாரி செஃபினிடம் போய் இராஜேஸ்வரிக்குக் கண் ஏலாது, பாவம், சொல்லப் பயப்படுகிறா என்று சொல்லியிருக்கிறா. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டா, நம்பித்தான் சொன்னா, நம்பவைத்தது நீ.

திங்கட்கிழமை போனதும் என்னை மேசையில் இருந்து எழுப்பிவிட்டார்கள். நாலு நாள் மட்டைப்பெட்டி மடித்தேன். என்னிடம் வேலை பழகிய பெட்டைகள் ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டிப் போய்வந்தார்கள், அவர்கள் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் கடைசியாகப் பார்த்து விட்ட குப்பிகளை எல்லாம் வேறு ஆள் திரும்ப இருந்து பார்த்தது, என் கண் முன்னாலேயே. வெள்ளிக்கிழமை கம்பனி டொக்டர் எழுத்துகளையும் நிறங்களையும் காட்டினார், பிறகு பழுதான குப்பிகளை நல்லவற்றோடு கலந்து தந்தார்கள், ஒன்றுகூடத் தப்பவிடாமல் எல்லாவற்றையும் பிடித்தேன். செஃபின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டா, மனுசி நல்ல மனுசி. சிவகலாவுக்கு இதை ஆர் சொன்னது, உனக்கு ஆரும் வேண்டாதவர்கள் இருக்கிறார்களோ என்று கேட்டா. என் மகள் என்று எப்படிச் சொல்லுவேன்? தெரியாது என்றேன். இவ்வளவு சண்டையிலும் நான் சொன்ன ஒரேயொரு பொய் அதுதான், அதுவும் உனக்காக.

சபையில் எழும்பிச் சொன்னது பிழைதான், அதை நான் ஒத்துக்கொள்கிறேன், தனியாகப் போய்ச் சரணியாவிடமும் சங்கத்துப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கலாம். அந்தப் பிழைக்குக் குகதாசன் அண்ணையிடம் வருத்தம் சொல்ல நான் தயார், சபையிலே சொன்னதற்கு. காணாததைக் கண்டேன் என்றோ கண்டதைக் காணவில்லை என்றோ சொல்லமாட்டேன். உனக்குப் பயம் என்னவென்று எனக்கு விளங்காமலில்லை. மாமா மாமி மனம் கோணினால் போகிற இடத்தில் உனக்குச் சரிவராது என்று நினைக்கிறாய். ஏன் பிள்ளை, அம்மாவைக் குருடியாக்கித்தான் ஒரு வீட்டுக்குள் போகவேண்டுமோ? அந்த வீட்டில் நாளைக்கு நீயும் எதையாவது கண்ணால் காண்பாய். உனக்கு வெயில் அடித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். நீ எடுத்து அழுவதற்கு இருக்கிறவள் நான் ஒருத்திதான், என் சொல்லை நீயே செல்லாததாக்கி வைத்திருக்கிறாய். மதுஷன் நல்ல பெடியன், அவனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கலியாணம் குறித்த நாளில் நடக்கும், நான் வாசலில் நின்று இரண்டு கையும் கூப்பி அவர்களைக் கூப்பிடுவேன். அதில் ஒரு குறையும் வைக்கமாட்டேன்.

இன்னொரு விஷயம். மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் பார்க்கைப் பராமரிக்கிறவர்கள் நீண்ட வலைக்கம்பால் அந்தக் குளத்தை வாரி, விழுந்த தட்டுகளை எடுத்துக் கொட்டிலின் வாங்குப் பலகையில் அடுக்கி வைப்பார்கள், பின்பக்கத்தில் பெயரும் நம்பரும் எழுதியிருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சங்கத் தட்டு எல்லாவற்றிலும் அவரவர் பெயர் கறுப்பு மையால் எழுதியிருந்தது. ஒன்றுகூடல் நடந்த மாதம் மழை என்று அவர்கள் வாரவில்லை, இந்த மாதம் 26ஆம் திகதி வாருவார்கள். அப்பாவுக்கு இப்போதுதான் வீரம் வந்திருக்கிறது. பொறுத்திரு, தட்டு வரட்டும், குகதாசன் எண்டு பேர் இருக்கும், கொண்டுபோய் அவரின்ரை மேசையிலை வைப்பம் என்கிறார். மூன்று என்று எழுதின கை! நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்தத் தட்டுத் தேவையில்லை, அது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சிவகலா மாமிக்கு நீயே எடுத்து, அம்மாவின்ரை கண்ணுக்கு ஒண்டும் இல்லை, நான்தான் பொய் சொன்னனான், அம்மா கண்டதைத்தான் சொன்னவா என்று சொல். வேறொன்றும் வேண்டாம், எனக்கு மன்னிப்பும் கேட்கவேண்டாம்.

அங்கே இப்போது குளிர் என்று பார்த்தேன், காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, மதுஷனுக்கு அந்த இருமல் விட்டதோ என்று எழுது. உங்கள் இரண்டு பேரையும் முருகன் கைவிடமாட்டான், தீர்க்காயுசாக, ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் இருங்கோ. கோபமாக எழுதினாலும் உன்னை நினைக்காமல் ஒருநாளும் படுக்கப் போகிறதில்லை.

திகதியை மறக்காதே. 26ஆம் திகதிக்கு முதல் மாமிக்கு எடு. தட்டு வெளியில் வந்த பிறகு எடுத்தாயென்றால் நீ நம்பியது தட்டை, உன் அம்மாவை அல்ல.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
இராஜேஸ்வரி