இரட்டையர் தாளில் என் பெயர்

தில்லி,
புதன்கிழமை.

என் பிரியமுள்ள சந்திரம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் சதாசிவம் தன் கையாலேயே எழுதுவது. நான் சுகம். நீயும் மகள் உதயாவும் பேத்தியும் சுகமாக இருக்க அம்மன் துணை. என் வரிகள் மேலே ஏறிக்கொண்டே போகும். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் லூசி டீச்சர் திருத்தச் சொன்னார். எனக்கு ஏறுவதுதான் பிடித்திருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுக்காதே. நீதான் ஐந்தாவது வரை படித்திருக்கிறாயே.

இந்த வாரம் எங்கள் மைதானத்தில் பெண்கள் டென்னிஸ் போட்டி. டிவியில் வருகிற பெரிய போட்டி இல்லை. பார்க்க வருகிற ஆட்களைவிடக் குரங்குகள் அதிகம். எனக்குக் காலையில் கோர்ட்டிலிருந்து பனி ஈரத்தைக் கட்டையால் தள்ளும் வேலை. கோர்ட்டுக்கு இரண்டு பேர். யாருக்கு யார் ஜோடி என்று தினமும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடம் கைநாட்டு வைத்து, மையைத் தலையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசல் மேஜையில் ஒரு தாள். பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் பெயர்கள், எல்லாம் இங்கிலீஷில். ஒரு பெயருக்குப் பக்கம் மட்டும் காலி. நம் தாள்தான் என்று நினைத்து அந்த இடத்தில் சதாசிவம் என்று தமிழில் எழுதினேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

அது நம் தாள் இல்லை சந்திரா. இரட்டையர் ஆட்டத்துக்குப் பெண்கள் பெயர் கொடுக்கும் தாள். ஜோடி இல்லாதவள் தன் பெயரை எழுதிப் பக்கத்தைக் காலியாக விட்டால், இன்னொருத்தி வந்து எழுதிச் சேர்ந்துகொள்ளலாம். மதியம் இரண்டு மணிக்குத் தாளை எடுத்துவிடுவார்கள்.

காலியாக விட்டிருந்தவள் அகல்யா, ஜனக்புரிப் பெண். அவளோடு ஆட வேண்டியவளுக்குக் காய்ச்சல். தனியாட்டத்தில் அவள் முதல் நாளே தோற்றுவிட்டாள். இரட்டையரில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் தரவரிசைக்குப் புள்ளி கிடைக்கும். இதுவரை அவளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இந்த முறையும் வராவிட்டால் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படி என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

ஒன்றேகால் மணிக்கு அவள் தாளைப் பார்த்துக் குதித்தாள். யாரோ சேர்ந்துவிட்டார்கள். ஆனால் யாரென்று படிக்க வரவில்லை. தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. ஒரு தாய்லாந்துப் பெண்ணைக் கூப்பிட்டு, இது நீயா என்று கேட்டாள். அவள் பயந்துபோய் இல்லை என்றாள். அப்போது நான் குப்பைக் கூடையோடு போனேன். "தாத்தா, ஜரா இங்க வாங்க, இது தமிழா பாருங்க" என்றாள்.

என்னைப் போய் ஒருவர் படிக்கச் சொல்கிறார், சந்திரா. விரலை வைத்து ச, தா, சி, வ, ம் என்று சத்தமாகப் படித்தேன். "அச்சா, யார் அது? நல்லா ஆடுவாங்களா?" என்றாள். நான்தான் அம்மா என்றேன்.

அவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெனி என்ற நாகர்கோவில் பெண் ஜோடி தேடி வந்து, தாளில் இடம் இல்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு இப்போதுதான் போனாள் என்று மேஜைக்காரர் சொன்னார். போன் நம்பர் யாரிடமும் இல்லை. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. சற்று முன் மைதான கேட்டில் ஒரு பெண் பையோடு நின்று, இட்லி எங்கே கிட்டும் என்று என்னிடம்தான் கேட்டாள். மெட்ரோ வாசல் தள்ளுவண்டிக்கு வழி காட்டியதும் நான்தான்.

பேட்டரி ரிக்ஷாவில் ஏறினேன். நான் ஜல்தி, ஜல்தி என்றதைக் கேட்டு வண்டிக்காரர் யாருக்குப் பிரசவம் என்று விசாரித்தார். ஜெனி இரண்டாவது தட்டில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "எனக்க எடத்துல ஆட வந்தது நீங்களாக்கும்" என்று சிரித்துத் தட்டோடு வண்டியில் ஏறினாள். சாம்பார் முழுவதும் என் மடியில்.

திரும்பி வந்தபோது இரண்டு மணி அடிக்க நான்கு நிமிடம். அதிகாரி ஹரியானாக்காரர், என் பெயரைத் தான் அடிக்க முடியாது என்றார். எழுதியவரே அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டுமாம். அடித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். அகல்யா "தாத்தா ஜல்தி" என்கிறாள். எழுத்துக்கு அவசரம் தெரியுமா? சி-க்கு மேலே கொக்கி போட வேண்டாமா? நான் முடித்து, ஜெனி தன் பெயரை எழுதிப் பேனாவை வைக்கவும், அதிகாரி தாளை எடுக்கவும் சரியாக இருந்தது.

நேற்று ஆட்டம். முதல் செட் போயிற்று, இரண்டாவது வந்தது. மூன்றாவதுக்குப் பதிலாக, முதலில் பத்து எடுப்பவருக்கு வெற்றி. நம் பெண்கள் ஒன்பது, அந்தப் பக்கம் ஏழு. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டிவிட்டேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி என்னை முறைத்தார். பிறகு துண்டை வாயில் கவ்விக்கொண்டேன். பத்துக்கு எட்டில் முடிந்தது. அகல்யா போனில், "டாடி, பாயிண்ட் வந்துடுச்சு, அந்த புக்கையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்க" என்று சொல்லி அழுதாள்.

அடுத்த ஆட்டம் நாளைக்கு. ஆடுகிறவர்களின் வீட்டார் உட்காரும் இடத்துக்கு இரண்டு சீட்டு என் கையில் கொடுத்து, "பாட்டியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். நீ ஊரில் இருப்பதை நான் சொல்லவில்லை. சரி அம்மா என்று இரண்டையும் வாங்கிக்கொண்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும், தெரியும். ஆனாலும் நாளைக்கு என் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டேன்.

பேத்தி நடக்கிறாளாமே. நடக்கிற பிள்ளையை உதயாவே பார்த்துக்கொள்வாள். அவளுக்கு என் ஆசீர்வாதம். தில்லி ரயிலுக்கு டிக்கெட் எடுக்க மாப்பிள்ளை மதனிடம் சொல். குளிர் குறைந்துவிட்டது.

உன் வழி பார்த்திருக்கும்,
சதாசிவம்