நீசி கடற்கரையில் நீங்கள் தேடிய பையன்

என்னைக் கடைசிவரை 'சாமி' என்றே கூப்பிட்ட அப்பாவுக்கு,

போன வாரம் மறுபடியும் சைப்ரஸுக்குப் போயிருந்தேன். லிமசோலில் மூன்று நாள் ஆபீஸ் வேலை. நாலாம் நாள் பஸ் பிடித்து அய்யா நாப்பாவில் போய் இறங்கினேன். மாலதியிடம்கூடச் சொல்லவில்லை. "பேர்லயே ஐயாவும் இருக்கு, அப்பாவும் இருக்கு. நமக்குத் தோதான ஊருதான் போ" என்று நீங்கள் சிரித்த ஊர்.

நீசி கடற்கரை அப்படியேதான் இருக்கிறது. காலையிலேயே பாட்டை அலற விடுகிறார்கள். வெயிலில் வெந்து சிவந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் மணல் தெரியாதபடி படுத்துக் கிடக்கிறார்கள். தண்ணீர் அத்தனை தெளிவு, நின்றால் கால்விரல் தெரியும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அன்று நீங்கள் போன வழியில் நடந்தேன். பாறைகளை ஏறி இறங்கி மூன்றாவது கடற்கரைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. உள்ளங்கால் கொப்புளித்துவிட்டது. எழுபது வயதில் நீங்கள் எப்படி நடந்தீர்கள் அப்பா?

இந்தக் கடிதம் இங்கே டெக்சாஸ் தமிழ்ச் சங்க மலரில் வரும். படிப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முப்பது வருஷம் பொள்ளாச்சி வால்பாறை பஸ்ஸில் கண்டக்டர். மலைப்பாதையின் அத்தனை வளைவும் உங்களுக்கு மனப்பாடம். அம்மா நாலு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். முழுக்கப் பார்த்துக்கொண்டது சரோஜா அக்கா. காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "இனி அப்பா எம்பொறுப்பு" என்று சொல்லித்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டெக்சாஸுக்கு வரும் வழியில் எனக்கு சைப்ரஸில் ஒரு வாரம் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலை இருந்தது. எங்கள் ஊரான ஆலனிலிருந்து என் மனைவி மாலதியும் மகள் நித்யாவும் வந்து நம்மோடு சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்ததும் ஐந்து நாள் கடற்கரை.

இரண்டாம் நாள் உங்களைக் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "நீங்க போங்க சாமி, நான் இங்கயே இருக்கறேன்" என்றீர்கள். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நடந்தே ஒரு சின்னத் திட்டுக்குப் போய்விடலாம். நாங்கள் மூன்று பேரும் போனோம். போக வர இருபது நிமிஷம்தான். திரும்பி வந்தபோது உங்கள் செருப்பு இருந்தது. நீங்கள் இல்லை.

கடற்கரைக் காவலன் என்ன நிற ட்ரவுசர் என்று கேட்டான். வேட்டியை அவனுக்கு எப்படிச் சொல்வது? பெட்ஷீட் மாதிரி, வெள்ளை என்றேன். அவன் படகைத் தண்ணீருக்குள் தள்ளினான். "இஸ் தாத்தா இன் தி வாட்டர்?" என்று நித்யா கேட்டாள். மாலதி அவள் வாயைப் பொத்தினாள்.

நான் ஓடினேன். அடுத்த கடற்கரையில் நுரையைப் பீய்ச்சி அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளையும் தொட்டுக் கேட்டேன். ஒருத்தன் என்னையும் ஆடச் சொல்லி இழுத்தான். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற எல்லாத் தலையும் உங்கள் தலையாகத் தெரிந்தது.

இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, மூன்றாவது கடற்கரையில், ஒரு ஐஸ்கிரீம் கடையோரம் உட்கார்ந்திருந்தீர்கள். கடைக்காரம்மா தர்பூசணித் துண்டு கொடுத்திருந்தாள். நீங்கள் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தீர்கள். நான் மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றேன். நீங்கள் மரியாதையாக எழுந்தீர்கள்.

"ஏனுங் தம்பி, இங்க ஒரு பையனப் பாத்தீங்ளா? ஆறு வயசுங்க. தண்ணில எறங்காதடான்னு சொன்னேன், கேக்கல."

"அப்பா, நான்தாம்ப்பா. முருகேசன்."

"அவம்பேரும் முருகேசந்தானுங்க."

சொல்லிவிட்டு மறுபடி கடலைப் பார்த்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நீங்களே திரும்பி, "ஏஞ்சாமி, இத்தன நேரம் எங்க போன? வெயிலு மண்டையப் பொளக்குது" என்று என்னைத் திட்டினீர்கள். பழைய அப்பா. எனக்கு அது போதுமாக இருந்தது.

மாலதியிடம், "வழி தப்பிட்டாரு, அவ்ளோதான்" என்றேன். அந்தப் பையனைப் பற்றிச் சொல்லவில்லை. ஆலனுக்கு வந்தபிறகு ஒவ்வொரு பாட்லக் விருந்திலும் இதை ஒரு தமாஷாகச் சொன்னேன். பிகினிக் கூட்டத்தில் வேட்டி கட்டிய ஒருத்தரைத் தேடிய கதை. எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்கு அது நினைவிருந்ததா, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தீர்களா?

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்டக் காட்டுனியாடா?" என்று போனில் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. வெயில்ல கொஞ்சம் தடுமாறிட்டாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொல்லியிருந்தால், உங்களை உடனே அனுப்பி வை என்றிருப்பாள். நாலு வருஷம் அம்மாவுக்குச் செய்து தேய்ந்தவள் தலையில் உங்களையும் கட்டியதாக ஊர் பேசும். அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை ரெண்டு மாசம்கூட நிற்கவில்லை என்றாகிவிடும். அக்காவுக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிப் பார்க்கிறேன் அப்பா. நம்ப முடியவில்லை. என் பேருக்காக மறைத்தேன்.

ஆகஸ்டில் மாலதி ஒருநாள், "வாசக்கதவுல மேல இன்னொரு லாக் போட்டுடலாமா? நேத்து மாமா கேரேஜ பாத்ரூம்னு நெனச்சுட்டார்" என்றாள். "அவர் என்ன கொழந்தையா?" என்று நான் கத்தினேன். அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வாரம், நாங்கள் இருவரும் வேலைக்கும் நித்யா சம்மர் கேம்ப்புக்கும் போயிருந்த நேரத்தில் நீங்கள் வெளியே போனீர்கள். டெக்சாஸ் வெயில். பொழுது சாயும்போது பூங்காவுக்குப் பின்னால் வறண்ட ஓடையில், ஒரு மரத்தடியில் போலீஸ்காரர்கள் உங்களைக் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது, நினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து, கண் திறக்காமலே போய்விட்டீர்கள். நான் பேசிய எதுவும் உங்களுக்குக் கேட்டதா?

அந்த இரண்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் என்னிடம் சொன்னார். பகலில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போன ஒரு பெண் உங்களைப் பார்த்திருக்கிறாள். எங்கள் குடியிருப்பு நீச்சல் குளத்தின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் விளையாடும் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். அதில் ஒரு பிள்ளையின் தாத்தா என்று நினைத்து அவள் போய்விட்டாள்.

அவர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நீங்கள் யாரைத் தேடியிருப்பீர்கள் என்று எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. குளத்தின் பக்கம் இப்போது காரை ஓட்டிப் போக என்னால் முடிவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். நித்யாவை நீச்சல் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். "வொய், அப்பா?" என்று கேட்டவளுக்கு இதுவரை பதில் சொல்லவில்லை. காலையில் முகம் கழுவக் கையில் தண்ணீர் ஏந்தினால், வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். நான் கூப்பிடுகிறேன். உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட அக்காவின் அன்புதான் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு வாங்கி ஊருக்குப் போனில் பேசுகிறேன். "வயசான காலத்துல வழி தப்பிட்டாரு. நீ என்னடா பண்ணுவ? நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட. மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்கிறாள். ரெண்டு வருஷமாக இதையே சொல்கிறாள். அவள் சமாதானம் சொல்கிற ஒவ்வொரு முறையும் நான் "செரிக்கா" என்கிறேன். அவள் மன்னிப்பது வேறு யாரையோ அப்பா. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

போன வாரம் அந்த ஐஸ்கிரீம் கடையைத் தேடினேன். கடை இருக்கிறது, அந்தம்மா இல்லை. அவள் மருமகள் போலிருந்தவளிடம் உங்களைப் பற்றிக் கேட்கப் போய், ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மணலில் உட்கார்ந்துதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, மலர் அச்சுக்குப் போகும் முன்னால், இதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டுவேன். கடற்கரையில் நீங்கள் கேட்டதை, வேலியோரம் நீங்கள் நின்றதை, நான் மறைத்ததை, ஒரு வார்த்தை விடாமல். நடுவில் அவள் போனை வைத்துவிட்டால் மறுபடியும் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து படிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதற்கப்புறம் அவள் என்னைத் தம்பி என்று கூப்பிடுவாளா என்று தெரியவில்லை.

இந்த ஞாயிறு வரைக்குமாவது,
சரோஜா அக்காவின் தம்பி,
உங்கள் மகன்
முருகேசன்