விழுங்கிய ஒரு தட்டு

அன்பு மகளுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்துவாய், அதனால்தான் கடிதம். எங்கள் நால்வர் குழுவின் முதல் வயலின், நம் பெரியவர், காலமாகி ஒரு மாதம் ஆகிறதல்லவா, அவர் நினைவாக வரும் ஞாயிறு வாசிக்கிறோம். அவர் இடத்துக்கு வந்திருக்கும் அம்மாள் இசைக் கல்லூரியில் படித்தவர், முதல் ஒத்திகையிலேயே என் பக்கம் திரும்பி, மெதுவான பகுதியில் தாளத்தில் ஒரு தட்டு அளவு மௌனத்தை விழுங்கிவிடுகிறீர்கள் சார் என்றார். முப்பத்தோரு வருஷம் இரண்டாவது வயலின் வாசித்தவனிடம்! பூச்செண்டெல்லாம் பெரியவருக்கே போயிற்று, யாரிடமும் படிக்காதவன் என்றுதானே எனக்கு இந்த இளக்காரம் என்று பற்றிக்கொண்டு வந்தது. இரவல் வாங்கி நானே பார்த்து எழுதிய இசைத்தாள், தப்பே கிடையாது என்று சாதித்தேன். வயோலாக்காரரும் செல்லோக்காரரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாட்சிக்குப் பெரியவரின் தாளை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அச்சில் நால்வருக்கும் பொதுவாக அந்த மௌனம் இருக்கிறது, எழுதும்போது நான்தான் விட்டிருக்கிறேன். ஆனால் பெரியவர் அதன்மேல் பென்சிலால் கோடு போட்டு, இவன் முந்துவான், சொன்னால் கேட்க மாட்டான், அழகாகத்தான் இருக்கிறது, நாமும் கூடவே போவோம் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். தேதி, நான் குழுவில் சேர்ந்த இரண்டாவது மாதம். மற்ற இருவர் தாளையும் பிடுங்கிப் பார்த்தேன், அதே கோடு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சொன்னால் கேட்டிருப்பீர்களா என்கிறாள் அம்மா, அவளுக்கு வேறு வேலை இல்லை. தாளை அந்த அம்மாளிடம் நீட்டினேன். படித்துவிட்டு, என் பென்சிலைக் கேட்டு வாங்கித் தன் தாளிலும் கோடு போட்டார். மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை, பென்சில் கொடுத்தேன், போதும். பிறகு வாசித்தோம், நாலு பேரும் ஒன்றாக முந்தினோம், பெரியவர் பக்கத்தில் இருந்தது போலவே இருந்தது.

மூவரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இன்னொன்று, குட்டியைத் தூங்கவைக்க நீ முனகுகிறாயே, என் சாதகத்தைக் கேட்டுக் கேட்டு உனக்கு ஒட்டிக்கொண்ட மெட்டு, அது அந்த மெதுவான பகுதிதான். அதிலும் ஒரு தட்டு குறையும். யார் சொன்னாலும் திருத்தாதே.

இப்படிக்கு,
உன் அப்பா